பூட்டு டிஸ்க்

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் மாடிக்காரர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த சீனப் பெரியவர்கூட ‘பூத்தாக்கா’ என்றுதான் சொல்வார். அக்காவுக்கும் அது தெரியும், கோபப்படமாட்டாள். கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

பெயர் சும்மா வரவில்லை. வெளியே இரும்புக் கிரிலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. உள்ளே மரக்கதவுக்குத் தனியாக ஒன்று. ஐஸ் பெட்டிக்கு வளையம் அடித்து ஒரு பூட்டு, அரிசி டின்னுக்கு ஒரு பூட்டு. டெலிபோனில் எண் சுழற்றும் வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். போன் வந்தால் எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது. பிள்ளைகள் பேசிப் பேசிப் பில்லை ஏற்றிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படிச் செய்தார்கள்தான். அக்காவின் ஒரே பிள்ளை சிங்கப்பூரில் இருந்தான், வீட்டில் பேசுகிறவர் யாரும் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்பு இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். சாமி கும்பிடும்போதும் ஒரு கை இடுப்புச் சாவிக்கொத்தின் மேலேயே இருக்கும்.

நான் தொழிற்சாலைத் தோழிகள் இருவரோடு அக்காவின் பக்கத்து வீட்டில் குடியேறிய அன்று, சாமான்கள் லோரியில் இருந்து இறங்குவதற்கு முன்பே அக்கா வந்து எங்கள் கதவுப் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது பூட்டா தங்கச்சி? இது தோடு.”

மறுநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு கனமான பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். புதுக்குடித்தனத்துக்குச் சர்க்கரையும் பாலும் கொடுக்கிறவர்கள் உண்டு. அக்கா கொடுத்தது பூட்டு. அவளுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

“பூட்டாம வச்சது நம்மளோடது இல்ல,” என்பாள். அதை அவள் சொல்லும்போது சிரிப்பு வரும். அந்த வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தது எது என்று தெரிந்த பிறகு சிரிப்பு வராது.

உள்ளே அண்ணன் இருந்தார், அக்காவின் வீட்டுக்காரர். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீடு நிறைய உத்தியோகக்காரர்கள். அக்கா கெப்பாலா பத்தாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பத்துப் பெண். கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு போய் நின்றபோது அண்ணனின் வீட்டார் கதவைச் சாத்தி உள்ளே இருந்து தாழ் போட்டார்களாம். “ரெண்டு பேரும் வாசல்லயே நின்னோம். அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, பூட்டுக்கு எவ்ளோ சக்தின்னு,” என்று அக்கா இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

நான் குடிவருவதற்கு முன்பே அண்ணனுக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஓம். யாழ்ப்பாணத்துக்காரர் பேச்சில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள். மாடியில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மனிதர் கடைசிக் காலத்தில் சாமி நாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று எதிர்வீட்டு அம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அண்ணன் பதிலுக்கு ‘ஓம்’ என்பார். அந்த அம்மாவுக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

அக்காவுக்குக் காலையில் ஓர் ஆபீசில் துப்புரவு வேலை. முடித்து, ஜெலுத்தோங் பாசாரில் மீன் காய் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவாள். வாதம் அடித்த புதிதில் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில், அதாவது எங்களுக்கு முன் குடியிருந்த ஒரு பெண்ணிடம், கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு நாள் அண்ணன் கதவைத் தட்டினார். அந்தப் பெண் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டாள். அண்ணன் இறங்கிப் போய்விட்டார். ஊரெல்லாம் தேடிக் கடைசியில் துறைமுகத்துப் பக்கம் தன் பழைய ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். நெற்றியில் அடி. ஒரு காலில் செருப்பு இல்லை, பாதமெல்லாம் ரத்தம்.

அன்றோடு சாவி யாரிடமும் போவது நின்றது. “அவரு தட்டுவாரு. கத்துவாரு. கண்டுக்காதீங்க,” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தாள். அண்ணன் தட்டத்தான் செய்தார். கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பழகிவிட்டது. கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தைப் போல அதுவும் ஆகிவிட்டது.

“ஒரு சாவிய எங்கிட்ட குடுத்து வைங்கக்கா. நான் தொறக்க மாட்டேன். அவசரத்துக்குத்தான்,” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்னா அவசரம்?”

“உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“எனக்கு ஆவக் கூடாது தங்கச்சி. அத சாமிகிட்டயே சொல்லிட்டேன். இவர மொதல்ல கூப்ட்டுக்கோ, மறுநாளு நான் வந்துர்றேன்னு.”

கட்டிய புருஷன் முன்னால் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு அம்மா இதைக் கேட்டுவிட்டு, வாயைக் கழுவு என்று திட்டினார். அக்கா அசையவில்லை. தான் போய்விட்டால் அவரை யார் பார்ப்பார்கள் என்பதற்குச் சாமி உட்பட யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிங்கப்பூரில் வேலை செய்த மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அப்பாவுக்கு வைத்துவிட்டுப் போனான். அதில் ஒரு கேம். துறைமுகம் ஒன்றை நடத்த வேண்டும். கப்பல் வரும், சரக்கு இறக்க வேண்டும், வேறு சரக்கு ஏற்றி வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். நேரத்துக்கு இடம் கொடுக்காவிட்டால் கப்பல் திரும்பிப் போய்விடும். இடது கையால் மவுசைப் பிடித்தே எல்லாம் செய்யலாம். அண்ணனுக்கென்றே யாரோ செய்ததுபோல இருந்தது. மகன் இருந்த நாளில் ஓடிய கேம், அவன் பாட்டுக் கேட்க ஏதோ ஒரு கார்டைப் புதிதாகச் செருகிவிட்டுப் போன மறுநாள் ஓடவில்லை.

அக்கா என்னை அழைத்தாள். புக்கிட் தெங்காவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. அங்கே எந்நேரமும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதால் மாடியில் எனக்கு வைத்தியர் மரியாதை. பெட்டியை ஆன் செய்து கேமைக் கூப்பிட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது.

“என்னா சொல்லுது? ரோசாக் ஆயிடுச்சா?” பழுதாகிவிட்டதா என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம்.

“இல்லக்கா. ஞாபகம் பத்தலயாம்.”

“இதுக்குமா?” என்று அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் பெரிதில்லை. அந்தக் காலக் கம்ப்யூட்டர் எழும்பும்போதே மவுசு, பாட்டு, அது இது என்று எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு எழும்பும். கேமுக்கு இடம் மிஞ்சாது. தேவையானதை மட்டும் ஒரு டிஸ்க்கில் எழுதி, அதை உள்ளே செருகிவிட்டு ஆன் செய்தால் சுமை குறைவாக எழும்பும், கேம் ஓடும். அந்த டிஸ்க்குக்குப் பூட் டிஸ்க் என்று பெயர். வீட்டுக்குப் போய் ஒன்று தயார் செய்து கொண்டுவந்தேன்.

“அக்கா, இது பூட் டிஸ்க். இத உள்ள போட்டுட்டு அப்புறமா ஆன் பண்ணணும்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. “இதுக்கும் இருக்கா? நல்லது,” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மருந்து இருக்கிறதே என்று மகிழ்கிறாள் என நினைத்தேன். பூட் என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

இரண்டு மூன்று நாளில் மறுபடி வந்து நின்றாள். கேம் ஓடவில்லையாம். போய்ப் பார்த்தேன். டிஸ்க்கைக் கேட்டேன். பிஸ்கட் டின்னைச் சாவி போட்டுத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அக்கா தேத்தண்ணி போடப் போனாள். நான் போட்டு ஓட்டினேன், ஓடியது.

“உன் கை பட்டா மட்டும் ஓடுது. நான் தொட்டா ஓட மாட்டேங்குது,” என்றாள் அக்கா.

“டிஸ்க் போட்டீங்களா?”

“அதெல்லாம் நாள் தவறாம போடுறேன் தங்கச்சி. காலையிலகூட போட்டேன்.”

அடுத்த வாரமும் அதே புகார். பெட்டியைக் கழற்றி, ஒயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகி, தூசியை ஊதி, தொழிற்சாலையில் கற்ற வித்தையை எல்லாம் காட்டினேன். நான் வியர்த்துக் கொட்டுவதை அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அக்கா குனிந்து எட்டிப் பார்க்கையில் முழங்கையைக் கீபோர்டின் மேல் ஊன்றிவிட்டாள். டொட் டொட் டொட் என்று கம்ப்யூட்டர் விடாமல் அலற ஆரம்பித்தது. அக்கா பயந்துபோய் இன்னும் அழுத்தி ஊன்றினாள். என்ன சத்தம், என்ன சத்தம் என்று மாடியில் இருந்த அத்தனை பேரும் கிரிலுக்கு வெளியே வந்து கூடிவிட்டார்கள். அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார், கீபோர்டைப் பார்த்தார். அந்த வீட்டு வாசலில் அத்தனை பேர் சேர்ந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மர்மம் விலகியது ஒரு காலை நேரத்தில். இரவு வேலை முடிந்து நான் மாடி ஏறியபோது அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிரில் திறந்திருந்தது, உள்ளே போனேன். பிஸ்கட் டின்னிலிருந்து டிஸ்க்கை எடுத்தாள். அணைந்திருந்த கம்ப்யூட்டரில் செருகினாள். சரியாகப் பிடித்துவிட்டதா என்று, பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல, விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

“பூட்டியாச்சு. நான் இல்லாத நேரம் கரண்டுல கை வைக்கப் போறாரு, கண்ணக் கெடுத்துக்கப் போறாருன்னு பயமா இருந்துச்சு. மகராசி, நீ பூட்டு டிஸ்க்கு குடுத்தது நிம்மதியாப் போச்சு. சாயங்காலம் எடுத்துத் தொறந்து விட்டுருவேன். அப்ப வெளயாடட்டும்.”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் விளங்கியது. பூட்டு என்று நினைத்து அவள் செருகிவிட்டுப் போகிற நேரமெல்லாம் கேம் ஓடும். திறந்துவிட்டதாக நினைத்து அவள் டிஸ்க்கை எடுக்கிற நேரமெல்லாம் கேம் ஓடாது. வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் இடது கை விரலை உதட்டில் வைத்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. அக்கா போனதும் ஆன் செய்து கப்பல்களை ஓட்டியிருக்கிறார், படிக்கட்டில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டதும் அணைத்திருக்கிறார். ஆட்டம் ஓடாத சாயங்காலங்களில் அக்கா அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்ப்பாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். நான் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அன்று முதல் அந்தக் கிரிலைத் தலையைக் குனிந்துகொண்டுதான் தாண்டிப் போனேன். புத்தி தடுமாறிய மனிதர் ஒருவரை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே இருந்தவர் புத்தி முழுசாக உள்ள மனிதர். தாம் பூட்டப்பட்டிருப்பது அவருக்குத் தெரியும். பெண்டாட்டி எதையெல்லாம் பூட்டு என்று நம்புகிறாள் என்பதுகூடத் தெரியும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். “அண்ணனுக்கு எல்லாம் புரியுதுக்கா. இன்னும் எதுக்குப் பூட்டுறீங்க?”

அக்கா மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

“புரியலன்னு நான் சொன்னேனா?”

“அப்புறம்?”

“அவரு எறங்கிப் போனாரே, அன்னிக்குக் கதவு தொறந்து கெடந்துச்சு. நான் வேல செய்ற எடம் அவருக்குத் தெரியும். அவரோட பழைய ஆபீசு போற வழியிலதான் இருக்கு. அந்தக் காலோட என்னைத் தாண்டிப் போயிருக்காரு தங்கச்சி. எங்கிட்ட வரல. ஆபீசுக்குல்ல போனாரு.” கத்தியைத் தண்ணீரில் அலசினாள். “வழி தெரியாம போனவர மன்னிச்சிரலாம். வழி தெரிஞ்சு போனவர என்னா செய்றது? பூட்டித்தான் வைக்கணும்.”

அண்ணன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அது நடந்து சில மாதங்கள் இருக்கும். எனக்கு அந்த வாரம் இரவு வேலை. பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன். தோழிகள் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள், எதிர்வீட்டு அம்மாவைத் தவிர மாடியே வேலைக்குப் போயிருந்தது. மத்தியானம் சாய்ந்த பிறகு டொட் டொட் டொட் என்று சத்தம். கனவில் தொழிற்சாலை என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் கீபோர்டின் மேல் எதையோ வைத்துவிட்டார்கள், நிறுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது என்று போனேன்.

பூட்டு மூன்றும் வெளியே அப்படியே தொங்கின. அக்கா இந்நேரத்துக்கு வந்து, சமைத்து, சாப்பாடு கொடுத்து, பாத்திரம் கழுவியிருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணன் இடது உள்ளங்கையைக் கீபோர்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்தார், சத்தம் நின்றது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. மடியில் செய்தித்தாளை இழுத்துப் போட்டு மறைத்தார். அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

“கம்ப்யூட்டராண்ணே?”

தலையை ஆட்டினார், இல்லை.

“உங்களுக்கு உடம்பு முடியலியா?”

இல்லை.

“அக்காவா?”

“ஓம்.”

“இன்னும் வரலியா?”

“ஓம். ஓம்.” அவர் கை டெலிபோனைக் காட்டியது.

“போன் வந்துச்சா? யாரு, ஆஸ்பத்திரியா?”

“ஓம்,” என்றார். அதற்கப்புறம் வாய் கோணி, சத்தம் இல்லாமல் அழுதார்.

என் வீட்டுக்கு ஓடிப் பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அலைக்கழித்து, கடைசியில் ஒரு மலாய் நர்ஸ் பேசினாள். பாசாரில் மயங்கி விழுந்தவரைக் காலையிலேயே கொண்டுவந்தார்கள், நெஞ்சுவலி, நிலைமை நன்றாக இல்லை, அவர் பர்சில் இருந்த எண்ணுக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டோம் என்றாள். “யாரோ ஆண் எடுக்கிறார். கணவரா என்றால் ஓம் என்கிறார். வருகிறீர்களா என்றாலும் ஓம் என்கிறார். ஒருவரும் வரவில்லை.”

போன் வந்தபோதெல்லாம் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திருப்பி யாரையும் கூப்பிட முடியாதபடி வட்டத்தில் பூட்டு. அப்புறம் கதவைத் தட்டியிருக்கிறார். தட்டியதை எதிர்வீட்டு அம்மா கேட்டும் இருக்கிறார். கண்டுகொள்ள வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்ததால், தன் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்னால் அதைச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். எந்தச் சத்தம் போட்டால் மனிதர்கள் வருவார்கள் என்று யோசித்து யோசித்து, அண்ணன் கடைசியில் கம்ப்யூட்டரிடம் போயிருக்கிறார்.

நான் போய்ச் சொன்னதும், கீழே பட்டறையில் இருந்து சீனப் பெரியவர் இரும்பு வெட்டும் பெரிய கத்தரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாதாரணப் பூட்டென்றால் ஒரே கடி. அக்கா வாங்கியவை எல்லாம் அசல். முதல் பூட்டு விட்டுக்கொடுக்கவே இல்லை, வளையத்தை ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. “எவ்வளவு நல்ல பூட்டு,” என்று மலாயில் முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். அவர் வியர்வை கிரில் கம்பியில் சொட்டியது. ஒவ்வொரு பூட்டுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அங்கே அக்கா என்ன ஆகிறாளோ என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் மண்டையில் இல்லை.

கதவு திறந்ததும் அண்ணன் வெளியே ஓடிவருவார் என்று நினைத்தேன். அவர் அலமாரியைக் காட்டினார், அதிலும் பூட்டு. “பரவால்லண்ணே, இப்படியே வாங்க, நேரம் ஆவுது,” என்றேன். தலையை ஆட்டினார். நனைந்த சாரத்தோடு அவளிடம் வரமாட்டார். பெரியவர் அதையும் உடைத்தார். உள்ளே ஆபீஸ் கால்சட்டைகளும் வெள்ளைச் சட்டைகளும் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. அவர் வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் அக்கா அவற்றைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். பெரியவர் அவரைத் துடைத்து உடுத்திவிட்டார். பித்தான் போட்டுவிட்டது நான்.

டாக்சியில் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு தெருமுனையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், அக்கா துப்புரவு செய்யும் ஆபீஸ் இருந்த சாலைப் பக்கம், கண்ணாடியில் கையை வைத்தார். வண்டி தாண்டிப் போனதும் எடுத்துக்கொண்டார்.

வார்டில் நர்ஸ் என்னிடம் மெதுவாக, சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். கைத்தாங்கலாக அண்ணனைக் கதவு வரைக்கும் கூட்டிப் போனேன். அங்கே நின்று அவர் என் கையைத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டார். என்னைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார், உள்ளே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். பிறகு சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தனியாக உள்ளே போனார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது பயம்தான். அந்த நிலையிலும் தலையைத் தூக்கப் பார்த்தாள்.

“யாரு கதவத் தொறந்து விட்டது?”

அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“நீங்களா?”

“ஓம்.”

“யாரு கூட்டிட்டு வந்தா?”

அவர் மறுபடியும் தன் நெஞ்சையே தொட்டார். அக்கா அவருக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவில் யாரும் இல்லை.

“ஒத்தையிலயா வந்தீங்க? எங்கிட்டயா?”

“ஓம்.”

“வழி தெரிஞ்சுச்சா?”

“ஓம்.”

அக்கா தூக்கியிருந்த தலையைத் தலையணையில் வைத்தாள்.

“அப்ப சரி,” என்றாள்.

அன்று விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள். அதுவரைக்கும் அவர் அவள் கையை விடவில்லை. என்னை உள்ளே வரவும் விடவில்லை.